பைப் ஆர்கனில் கட்டையை ஓங்கித் தட்டினாலும் ஒலி ஏன் கூடுவதில்லை?

பியானோவில் விரலின் வேகம் சுத்தியல் வழியாகக் கம்பியைச் சேர்கிறது. குழாய்களில் காற்று பாய்ந்து ஒலிக்கும் பெரிய இசைக்கருவியான பைப் ஆர்கனில், கட்டை (விரலால் அழுத்தும் விசை) வெறும் திறப்பான்தான். அழுத்தினால் குழாயின் அடியிலுள்ள அடைப்பு விலகி, காற்றுப் பெட்டியில் சீரான அழுத்தத்தில் காத்திருக்கும் காற்று உள்ளே பாய்கிறது. விரலின் கோபம் அதற்குத் தெரியாது! விரலை எடுக்கும்வரை ஒலி தேயாமல் நிற்பதும் இதனால்தான்.

ஒலியைக் கூட்ட, 'ஸ்டாப்' எனப்படும் குமிழ்களை இழுத்து மேலும் குழாய் வரிசைகளைச் சேர்ப்பார்கள். சில வரிசைகள் பலகைக் கதவுள்ள அறைக்குள் இருக்கும். மிதியால் கதவைத் திறந்தால் ஒலி கூடும், மூடினால் குறையும். ஸ்டாப்பில் 8 என்றிருந்தால் அவ்வரிசையின் மிகத் தாழ்ந்த சுரத்துக்குரிய திறந்த குழாய் ஏறக்குறைய 8 அடி; 16 என்றால் ஒரு ஸ்தாயி கீழே. மேல்முனையை அடைத்துவிட்டால் பாதி நீளத்திலேயே அதே சுருதி கிடைக்கும். இடம் குறைந்த தேவாலயங்களுக்கு நல்ல தந்திரம்.