அம்மாவை ஊரில் தனியாக விடலாமா? செவிலியர் பதில் சொல்கிறார்

(கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயதானவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றிக் கேளுங்கள்.)

கோவில்பட்டி வாசகர்: சிஸ்டர், அம்மாவுக்கு 76 வயது. அப்பா போன பிறகு ஊரில் தனியாக இருக்கிறார். சென்னைக்கு வரவே மாட்டேன் என்கிறார். எப்படி விடுவது?

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அம்மாவோடு இருங்கள். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எதைத் தானே செய்கிறார், எதற்குக் கை தேடுகிறார் என்று எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு வேலைதான் தேறும்: தண்ணீர் தூக்குவது, மாத்திரை வாங்குவது, பேங்குக்குப் போவது, ராத்திரித் துணை. அதற்கு மட்டும் ஆள் வையுங்கள். சோறு பொங்குவதையும் சேர்த்துப் பிடுங்கினால் அம்மா சீக்கிரமே படுத்துவிடுவார்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தர ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. துணை சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். இதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார், படுக்கையில் இருப்பவரைப் பார்க்க செவிலியரும் வருவார். மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் அதையும் கேளுங்கள்.

அப்புறம், ஒரு கண் வேண்டும். நான் போய்வந்த ஊரில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். காலை ஆறரைக்குள் வாசலில் கோலம் விழாவிட்டால் எதிர்வீட்டுப் பெண் போய்க் கதவைத் தட்டுவாள். முட்டி வலியில் குனிய முடியாமல் போனபோது பாட்டி முக்காலியில் உட்கார்ந்து நாலு புள்ளியாவது வைத்துவிடுவார். ஒருநாள் கோலம் இல்லை. பாட்டி குளியலறையில் விழுந்து கிடந்தார், உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவை உடைக்க அரைமணி நேரம் ஆனது. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள், கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறந்தால் விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்.

திருநெல்வேலி வாசகர்: கோலத்தை நம்பிப் பெற்றவளை விடுவதா? பிள்ளைக்கு இது அழகா?

ஓசூர் வாசகி: நாங்கள் மாமியாரை பெங்களூருக்குக் கூட்டி வந்தோம், பதினாலாவது மாடி. ஆறு மாதத்தில் பேச்சே குறைந்துவிட்டது. அந்த அழகு யாருக்கு அண்ணா?

திருநெல்வேலி வாசகர்: ராத்திரி நெஞ்சுவலி வந்தால் எதிர்வீட்டுப் பெண்ணா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவாள்?

ஆமாம் ஐயா, அவள்தான் 108-ஐக் கூப்பிட்டாள். உங்கள் பயம் நியாயமானதுதான், ராத்திரிக்கு ஆள் ஏற்பாடு செய்யாமல் யாரையும் விடச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே இருப்பது என்பதை அந்த அம்மாதான் சொல்ல வேண்டும். நினைவு தப்ப ஆரம்பித்தாலோ, அடுப்பை அணைக்க மறந்தாலோ தனியாக விடக்கூடாது. அப்போது நானே உங்கள் பக்கம் பேசுவேன்.

கம்பம் வாசகர்: எங்கள் தெருக்காரர்களே சேர்ந்து இப்படி ஒன்று தொடங்க முடியுமா?

முடியும். கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பிறகு ஊர்க்காரர்கள் கைக்குப் போய் வீடுவீடாகப் பரவியது. 2008-ல் மாநில அரசே அதற்கென்று கொள்கை வகுத்தது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் ஆள், டாக்டரும் நர்சும் அவருக்குப் பின்னால். நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து தெருவில் படுக்கையில் இருப்பவர் யார், தனியாக இருப்பவர் யார் என்று எழுதி, கிழமைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பணம் திரட்டுவது அப்புறம்.

அரூர் வாசகி: அப்பாவுக்குப் படுக்கைப்புண். தண்ணீர் மெத்தை வாங்கினால் போதுமா?

போதாது. மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். புண்ணை உடனே செவிலியரிடம் காட்டுங்கள்.

கரூர் வாசகர்: வீட்டைத் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்ட அண்ணன் அம்மாவைக் கவனிப்பதில்லை.

இது என் துறை இல்லை. பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007-ம் வருடச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567.

ஆரணி வாசகர்: குளியலறைக்கு என்ன செய்யலாம்?

தாழ்ப்பாளும் கதவும் மேலே சொல்லியாயிற்று, படித்துவிட்டுக் கேளுங்கள். அதோடு சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை, ராத்திரி விளக்கு.

பழனி வாசகி: பாத்ரூமில் வழுக்காமல் இருக்க...

ஆரணிக்காரருக்குச் சொன்னதேதான் அம்மா.

கோவில்பட்டி வாசகர்: நோட்டில் எழுதிப் பார்த்தேன் சிஸ்டர். அம்மாவால் முடியாதது இரண்டே வேலை: தண்ணீர், பேங்க்.

இரண்டுக்கும் ஆள் பாருங்கள், ராத்திரிக்கும் ஒருவரைப் பேசிவையுங்கள். ஊருக்குக் கிளம்புமுன் தாழ்ப்பாளை மாற்றிவிடுங்கள்.