ஒன்றரை மணி நேரச் சோறு

அன்புள்ள ஐயா,

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். மகளுக்கு 6 வயது, சி.பி. (பெருமூளை வாதம்) குழந்தை. தலை நிற்காது, பேச்சு கிடையாது, நன்றாகச் சிரிப்பாள். எடை பத்தரை கிலோ. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதிலும் பாதி வெளியே வந்துவிடும். வெளிக்குப் போக ஐந்தாறு நாள் ஆகும், அன்றைக்கு அவளோடு சேர்ந்து நானும் அழுவேன். இந்த வருடம் இரண்டு தடவை நிமோனியா. நேராக உணவு செலுத்த வயிற்றில் டியூப் போடலாம் என்கிறார் டாக்டர். "ஊட்டத் தெரியாதவளுக்குத்தான் டியூப்பு, அதெல்லாம் கடைசி காலத்துல போடுறது" என்கிறார் மாமியார். அவளுக்கு இருக்கிற ஒரே ருசியையும் நானே பறித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "ஒன்றரை மணி நேரம்தானா, நமக்கு ரெண்டு ஆச்சே" என்றாள். என் மகனுக்கு இப்போது 19 வயது. நான் டாக்டர் இல்லை, கிண்ணமும் ஸ்பூனுமாக வருடக்கணக்கில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான். அதனால் இதில் எதையும் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் செய்துவிடாதீர்கள்.

டியூப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த ஐந்தாறு நாள் விஷயம். எல்லாரும் வாயைப் பற்றியே பேசுகிறார்கள், கீழே அடைத்துக்கிடக்கும் குழந்தைக்குப் பசி எங்கிருந்து வரும்? வயிறு உப்பிப் போய், சாப்பிட்டது மேலே எதுக்களித்து, நெஞ்செரிந்து, உடம்பை வில்லாக வளைக்கும். நாம் அதைப் பிடிவாதம் என்போம். நடமாட்டம் இல்லை, தண்ணீர் உள்ளே போவதில்லை, போதாததற்கு மருந்துகளும் சேரும். கை கால் இறுக்கத்துக்கும் எச்சில் வடிவதற்கும் கொடுக்கிற டிரைஹெக்ஸிஃபெனிடில் மாதிரி மருந்துகள் குடலையும் மந்தமாக்கும். உங்கள் சீட்டில் அது இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாங்கள் செய்த முட்டாள்தனம் ஒன்று. ஒரு வாரம் வெளிக்குப் போகாதவன் திடீரென்று தண்ணீர் தண்ணீராகப் போனான். பேதி என்று முடிவுகட்டி, கொடுத்துவந்த மலமிளக்கி மருந்தை நிறுத்திவிட்டு மாதுளை ஓட்டைக் கொதிக்கவைத்துக் கொடுத்தோம். எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது, உள்ளே கல்லாக இறுகிக் கிடந்ததைச் சுற்றிக்கொண்டு வந்த கசிவு அது. முதலில் அதை முழுக்க வெளியேற்றி, பிறகு மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரைத் தண்ணீரில் கலக்கித் தினமும், மாதக்கணக்கில் கொடுக்கச் சொன்னார்கள். நான்கு நாள் ஒழுங்காகப் போனதும் நிறுத்திவிடுகிறோமே, அங்கேதான் திரும்ப அடைக்கும்.

விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். விழுங்கத் தடுமாறும் குழந்தைக்கு எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். இருமலைக்கூடக் கிளப்பாமல் வழுக்கிக்கொண்டு போய் அங்கே தங்கி நிமோனியாவாகும். எண்ணெயால் வரும் நிமோனியாவுக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அடுத்து உங்கள் இரண்டு நிமோனியா. எனக்கு அதுதான் டியூப்பைவிடப் பெரிய கவலை. புரையேறினால் இருமுவார்கள் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். இந்தக் குழந்தைகளில் பலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராது. கண் கலங்கும், சாப்பிட்ட பிறகு குரலும் மூச்சும் கொழகொழவென்று கேட்கும், அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரிகளில் பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து, அது எந்த வழியாகப் போகிறது என்று எக்ஸ்ரேயில் ஓடும் படமாகவே பார்ப்பார்கள். கேட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கம் உங்களுக்குப் பக்கம்தான். விழுங்குவதைக் கவனித்துச் சொல்லும் தெரபிஸ்ட் யார் என்று அங்கே விசாரிக்கலாம்.

அதுவரைக்கும், காலை நீட்டிப்போட்டுக் குழந்தையை மல்லாத்திப் பாலாடையில் ஊற்றுவதை, மூக்கைப் பிடித்து ஊற்றுவதை, யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, பாதம் எதன்மீதாவது ஊன்றியிருக்க, தலை பின்னால் சாயாமல் மோவாய் கொஞ்சம் உள்வாங்கியிருக்க வேண்டும். முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. நம் ஊரில் உடம்பு சரியில்லை என்றாலே ரசஞ்சாதம். தண்ணீரும் பருக்கையும் கலந்த ரசஞ்சாதம்தான் இவர்களுக்கு ரொம்பச் சிரமம். தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். ஒரே சீராக மசித்த கேழ்வரகுக் கூழோ பருப்புச் சோறோ எவ்வளவோ தேவலை. அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் போனால் அவள் களைத்துப்போவாள். போகிற கொஞ்சத்தில் சத்தைக் கூட்டுங்கள், ஒரு டீஸ்பூன் நெய்யை மசியலோடு நன்றாகக் கலந்தால் 45 கலோரி.

சரி, டியூப். வாய் வழியாக உள்ளே கேமரா விட்டு வயிற்றில் டியூப் போடும் முறையை 1979இல் அமெரிக்காவில், கிளீவ்லாந்தில், காடரர், பான்ஸ்கி என்ற இரண்டு டாக்டர்கள் செய்தார்கள். முதலில் போட்டதே ஒரு கைக்குழந்தைக்குத்தான். காடரர் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர். மாமியார் சொல்கிற கடைசி காலக் கதை அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது.

எங்கள் மகனுக்கு 9 வயதில் போட்டோம். இரண்டு வருடம் தள்ளிப்போட்டோம், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம். தொந்தரவே இல்லை என்று சொல்லமாட்டேன். டியூப்பைச் சுற்றிப் புண் வந்தது. வடிகட்டாமல் கூழை விட்டு ஒருமுறை அடைத்துக்கொண்டது. ஒரு தீபாவளியன்று கழன்று விழுந்து, துளை சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும் என்பதால் ஆட்டோவில் பறந்தோம். எதுக்களிப்பு உடனே நின்றுவிடவும் இல்லை. ஆனால் எடை ஏறியது, மருந்து சிந்தாமல் உள்ளே போனது, என் மனைவிக்குப் பகலில் நான்கு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. அந்த நேரத்தில் அவனோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டாள். ருசி போய்விடவும் இல்லை. எவ்வளவு, எந்தப் பதத்தில் பாதுகாப்பு என்று தெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு, மாம்பழக் கூழை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைப்போம். கண்ணை மூடிக்கொள்வான். ஸ்பூனைக் கண்டு முகத்தைத் திருப்பிய பையன்தான்.

செலவுக்கு, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சி.பி. குழந்தைகளுக்கு வருடம் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனி வரம்பு இருக்கிறது. சேராமல் இருந்தால் சேர்ந்துவிடுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவள் சாப்பிடுவதைச் செல்போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மாமியார் ஊட்டும்போது எடுத்தால் இன்னும் நல்லது, அவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.