புகைச் சூடே போதுமா, ஆக்ஸிஜன் சென்சாருக்கு ஹீட்டர் வேண்டாமா?

கேள்வி: எங்கள் டீசல் உலையின் புகைபோக்கியில் ஜிர்கோனியா ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. ஹீட்டர் அடிக்கடி எரிந்துபோகிறது. புகையே 400 டிகிரி செல்சியஸ் சூட்டில் வருகிறது. ஹீட்டர் இல்லாமல் அந்தச் சூட்டிலேயே வேலை செய்யும் செராமிக் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் உங்கள் புகைபோக்கிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்சாரில் உள்ள செராமிக்கான ஜிர்கோனியாவில் (ஜிர்கோனியம் ஆக்ஸைடு) 8 மோல் சதவீதம் அளவில் யிட்ரியா (யிட்ரியம் ஆக்ஸைடு) கலப்பார்கள். அதனால் படிகத்தில் காலியிடங்கள் உண்டாகி, ஆக்ஸிஜன் அயனி (மின்னூட்டம் பெற்ற ஆக்ஸிஜன்) அவற்றின் வழியே நகர்கிறது. செராமிக்கின் இருபுறமும் ஆக்ஸிஜன் அளவு வேறுபட்டால் ஒரு சிறு மின்னழுத்தம் எழும்; அதை அளந்துதான் ஆக்ஸிஜன் அளவைக் கணிக்கிறோம். சூடு 700 டிகிரியிலிருந்து 400-க்கு இறங்கினால் இந்த நகர்வு நூறு மடங்குக்கும் மேல் குறையும். அதைப் பார்த்துத்தான் பலரும் வேறு செராமிக் தேடப் போகிறார்கள். ஆனால் 1 மி.மீ. தடிமனும் 1 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வில்லையின் மின்தடை 400 டிகிரியிலும் சில கிலோஓம்தான். 10 மெகாஓம் உள்தடை கொண்ட சாதாரண மல்டிமீட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சிக்கல், செராமிக்கின் இருபுறமும் பூசியிருக்கும் பிளாட்டினம் எலக்ட்ரோடில். சூடு குறைந்தால் ஆக்ஸிஜன் அங்கே பிரிந்து அயனியாவது மந்தமாகிவிடும். டீசல் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு வந்தால் இன்னும் மோசம். 700 டிகிரியில் அது பிளாட்டினத்தின் மேலேயே எரிந்து தீர்ந்துவிடும். 400-ல் பாதி தீராமல் நின்று, மின்னழுத்தத்தைத் தன் பக்கம் இழுக்கும். அப்போது மீட்டர் காட்டுவதை ஆக்ஸிஜன் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடோலினியம் கலந்த சீரியா (சீரியம் ஆக்ஸைடு), ஜிர்கோனியாவைவிட இந்தச் சூட்டில் நன்றாக அயனியைக் கடத்தும். ஆனால் ஆக்ஸிஜன் மிகவும் வற்றிய வாயுவில் எலக்ட்ரானையும் கடத்தத் தொடங்கும், மின்னழுத்தம் சரியும். எர்பியா (எர்பியம் ஆக்ஸைடு) சேர்த்த பிஸ்மத் ஆக்ஸைடு கடத்துவதில் இரண்டையும் மிஞ்சும். அதைப் புகையில் வைக்கவே வைக்காதீர்கள். கரிப்புகை அதை உலோக பிஸ்மத்தாகவே மாற்றிவிடும். 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் நாள்பட வைத்தால் கடத்தும் திறனும் இறங்கும். நைட்ரஜன், ஆக்ஸிஜன் போன்ற சுத்தமான வாயுவை அளப்பவர்கள் செராமிக்கை மாற்றும் முன் எலக்ட்ரோடை மாற்றிப் பார்க்கலாம். லாந்தனம்-ஸ்ட்ரான்ஷியம்-கோபால்ட்-இரும்பு ஆக்ஸைடு பூச்சு நல்ல தேர்வு. சோதிப்பதும் எளிது: ஒருபுறம் காற்று, மறுபுறம் 2% ஆக்ஸிஜன் கலந்த நைட்ரஜன் சிலிண்டர் வாயு. 400 டிகிரியில் 34 மில்லிவோல்ட் வர வேண்டும். ரொம்ப நேரம் ஊர்ந்து வந்தாலோ, குறைந்த எண்ணிலேயே நின்றாலோ எலக்ட்ரோடைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வாயுக் கசிவையும் பார்த்துவிடுங்கள்.

சரி, உங்கள் ஹீட்டருக்கு வருவோம். உலையை நிறுத்தும்போதெல்லாம் சென்சாரையும் அணைக்கிறீர்களா? அப்படியானால் அதை முதலில் நிறுத்துங்கள். ஆறிய சென்சாரில் ஈரமும், டீசலின் கந்தகத்தால் வரும் அமிலமும் படியும். அந்த ஈரத்தோடு மறுபடி சூடேற்றினால் செராமிக் விரிசல் விடும். ஏறி இறங்கும் சூட்டில் ஹீட்டர் கம்பியும் தேயும். சில நாள் நிறுத்தம் என்றாலும் ஹீட்டர் ஓடட்டும். நீண்ட நிறுத்தம் என்றால் சென்சாரைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். இதற்குப் பிறகும் எரிந்தால், ஹீட்டருக்குப் போகும் வோல்டேஜை அளந்து, சென்சாரில் குறித்திருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.