தடுப்பூசித் தொழிற்சாலையிலிருந்து வைரஸ் வெளியே வருமா? முதலில் கழிவுநீர்க் குழாயைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் தடுப்பூசித் தொழிற்சாலை ஒன்று வரப்போகிறது. உள்ளே உயிருள்ள வைரஸை வளர்ப்பார்களாம். காற்று அடிக்கிற திசையில்தான் எங்கள் தெரு இருக்கிறது. வீட்டில் கைக்குழந்தை வேறு. பயப்பட வேண்டுமா? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்பது?

பதில்: கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். காற்றைப் பற்றி அங்கே நிறையப் பேர் கேட்பார்கள். உயிரியல் பாதுகாப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில், நான் வந்தால் கழிவுநீரைப் பற்றியும் அங்கே வேலை பார்ப்பவர்களைப் பற்றியும்தான் முதலில் கேட்பேன்.

அதற்கும் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே வளரப்போவது எந்த வைரஸ், எந்த வகை? தடுப்பூசி என்றாலே கொடிய வைரஸ் இருக்கும் என்று இல்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைப் பெரும்பாலும் ஈஸ்ட்டில் தயாரிக்கிறார்கள், அந்த ஆலையில் நோய் வைரஸே கிடையாது. தட்டம்மைத் தடுப்பூசிக்கு வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் போதும். ஆனால் ஊசி வழியாகப் போடும் போலியோ தடுப்பூசி சிலவற்றுக்கு, நோய் உண்டாக்கும் அசல் போலியோ வைரஸையே வளர்த்து, பிறகு கொல்கிறார்கள். ஆய்வகத்தில் சில மில்லிலிட்டர் இருக்கும் என்றால், தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான லிட்டர். அதனால் எனக்கு ஆய்வகத்தைவிடத் தொழிற்சாலையைப் பற்றித்தான் கவலை அதிகம்.

சரி, காற்று. வைரஸைக் கையாளும் அறைக்குள் காற்றழுத்தத்தை வெளியே இருப்பதைவிடக் குறைவாக வைப்பார்கள். கதவின் அடி இடுக்கில் ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தால், அது உள்பக்கமாக இழுபடும். அதாவது கதவைத் திறந்தாலும் காற்று உள்ளேதான் போகும், வெளியே வராது. அறைக் காற்று ஹெப்பா வடிகட்டி வழியாகத்தான் வெளியேறும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். ‘வைரஸ் அதைவிடச் சின்னதாயிற்றே, நழுவிவிடாதா?’ என்று பலரும் கேட்பார்கள். உண்மையில் வடிகட்டிக்குப் பிடிக்கக் கடினமான அளவே அந்த 0.3தான். அதைவிடச் சிறியவை காற்றில் நேராகப் போகாமல் தள்ளாடித் தள்ளாடி இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. கோளாறு பெரும்பாலும் வடிகட்டியில் இருக்காது, அது சட்டத்தில் பொருந்தும் விளிம்பில் இருக்கும். அதனால் பொருத்திய இடத்திலேயே வருடத்துக்கு ஒரு முறையாவது கசிவுச் சோதனை செய்கிறார்களா என்று கேளுங்கள்.

தடுப்பூசி ஆலைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மருந்து தயாரிக்கும் அறைக்குள் தூசி நுழையாதிருக்க அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். வைரஸ் வெளியே போகாதிருக்க அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று நேர் எதிர். இதற்கு நடுவில் ஒரு சிறு அறை வைத்து, அதன் அழுத்தத்தை இரு பக்கத்தையும்விடக் குறைவாகவோ கூடுதலாகவோ வைத்துச் சமாளிக்கிறார்கள். ‘உங்கள் ஆலையில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். தடுமாறாமல் பதில் சொல்கிற பொறியாளர் இருந்தால் எனக்குப் பாதி நிம்மதி.

இப்போது கழிவுநீர். 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிர்பிரைட்டில், ஆராய்ச்சி நிலையமும் தடுப்பூசி ஆலையும் ஒரே வளாகத்தில் இருந்தன. அங்கே கையாண்ட கோமாரி வைரஸ் வகை பக்கத்துப் பண்ணை மாடுகளில் தென்பட்டது. வளாகத்துக்குள் ஓடிய பழைய கழிவுநீர்க் குழாய்கள் கசிந்திருந்தன. அந்த ஈர மண் கட்டுமான வண்டிகளில் ஒட்டி வெளியே போயிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. 2014 செப்டம்பரில் பெல்ஜியத்தில் ஒரு தடுப்பூசி ஆலையிலிருந்து உயிருள்ள போலியோ வைரஸ் கலந்த 45 லிட்டர் திரவம், மனிதத் தவறால் கழிவுநீரில் போய்விட்டது. யாரையும் அது பாதிக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு முறையும் பாதை தரைக்கு அடியில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நல்ல ஆலையில் வைரஸ் பகுதிக் கழிவுநீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது. தனித் தொட்டியில் பிடித்து, சூடாக்கியோ ரசாயனம் சேர்த்தோ கிருமியைக் கொன்ற பிறகுதான் திறந்துவிடுவார்கள். செத்தது என்று எப்படித் தெரியும்? திடக் கழிவில் உள்ள கிருமியை அழுத்தமான நீராவியில் கொல்லும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தை வைத்துச் சொல்கிறேன். மூட்டையின் மேல் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சூடு பட்டது என்பதற்குத்தான் அந்தக் கோடு சாட்சி. எளிதில் சாகாத ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய சின்னக் குப்பியை மூட்டையின் நடுவில் வைத்து, 121 டிகிரியில் ஓட்டி, பிறகு அந்தக் குப்பியை வெதுவெதுப்பான சூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். குப்பியில் உள்ள ஊதா நிறம் அப்படியே இருந்தால் வித்துகள் செத்தன. மஞ்சளானால் உயிர் இருக்கிறது, மூட்டை திரும்ப உள்ளே போக வேண்டும். தொட்டிக்கும் இதேபோல ஒரு சான்று இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேளுங்கள். குழாய் மண்ணுக்கு அடியில் புதைந்திருக்கிறதா, கண்ணில் படும்படி ஓடுகிறதா என்பதையும் கேளுங்கள்.

கொன்றுவிட்டோம் என்று நம்புவது வேறு, நிரூபிப்பது வேறு. 1955இல் அமெரிக்காவில் கட்டர் நிறுவனத்தின் போலியோ தடுப்பூசியில் சில தொகுதிகளில் வைரஸ் முழுதாகச் சாகவில்லை. சுமார் 200 பேருக்குக் கை கால் முடங்கியது, 10 பேர் இறந்தார்கள். 2004இல் பெய்ஜிங்கில் சார்ஸ் பரவியதை விசாரித்தபோதும், முழுதாகச் செயலிழக்காத வைரஸைச் சாதாரண ஆய்வறையில் கையாண்டது தெரியவந்தது.

அப்புறம், மனிதர்கள். 1978இல் பர்மிங்ஹாமில் பெரியம்மையால் இறந்த ஜேனட் பார்க்கர், பெரியம்மை வைரஸைக் கையாண்ட ஆய்வகத்துக்கு மேல்மாடியில் வேலை பார்த்த மருத்துவப் புகைப்படக் கலைஞர். அவருக்கு எந்த வழியாகத் தொற்றியது என்பது இன்றும் தீராத விவாதம். மாறாக, 2017இல் நெதர்லாந்தில் ஒரு தடுப்பூசி ஆலையில் போலியோ வைரஸ் சிந்தியபோது, அங்கே இருந்த இருவரையும் உடனே பரிசோதித்தார்கள். ஒருவருக்குத் தொற்று இருந்தது. உடலிலிருந்து வைரஸ் வெளியேறுவது நிற்கும்வரை அவர் தனிமையில் இருந்தார், யாருக்கும் பரவவில்லை. நடந்ததை உடனே சொன்னதால்தான் அது முடிந்தது.

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், இளம் ஊழியர் ஒருவர் கையுறைக்கு மேல் ஊசி குத்தியதை இரண்டு நாள் மறைத்துவிட்டார். மேலதிகாரி திட்டுவார் என்ற பயம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் விபத்துப் பதிவேட்டைத்தான் முதலில் புரட்டுகிறேன். ஐந்து வருடமாக ஒரு ஊசிக்குத்துகூட இல்லை என்று எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. கூட்டத்தில் இதையும் கேளுங்கள்: விபத்தைச் சொன்ன ஊழியருக்குத் தண்டனை உண்டா? காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வார்? இரவு 2 மணிக்கு யார் தொலைபேசியை எடுப்பார்? ஏதாவது நடந்தால் எங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் தெரியும்?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். சொன்னவரின் பெயரும் பதவியும் அதில் இருக்கட்டும்.

குழந்தையைப் பொறுத்தவரை, உரிய வயதில் எல்லாத் தடுப்பூசிகளையும் போட்டுவிடுங்கள். அந்த ஆலையில் போலியோவோ தட்டம்மையோ வளர்ந்தால், அதற்கு எதிரான ஊசி உங்கள் அட்டவணையிலேயே இருக்கும். வேறு ஏதாவது வைரஸ் என்றால் அதன் பெயரைக் கூட்டத்தில் கேட்டு வாங்கி, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.