புறக்கணிப்புக்கு வயது நூறுக்கு மேல்

கேள்வி: எதற்கெடுத்தாலும் 'அந்நியச் சரக்கை வாங்காதே' என்று சீனர்கள் கிளம்பிவிடுகிறார்களே, இது கம்யூனிஸ்ட் கட்சி ஊட்டிய வெறிதானே? அபினிப் போர்ப் பழங்கதையை இன்னும் எத்தனை காலம் சொல்வார்கள்? (வாசகர், திருப்பூர்)

பதில்: கட்சி பிறந்தது 1921இல். அமெரிக்கச் சரக்கைச் சீன வணிகர்கள் புறக்கணித்தது 1905இல். விளைந்ததைக் கட்சி அறுத்துக்கொண்டது, இன்றும் அறுக்கிறது. விதைத்தவர்கள் வேறு.

அபினியை விடுங்கள், சுங்கத்தைப் பாருங்கள். திருப்பூர்க்காரருக்குச் சட்டென்று விளங்கும். அபினிப் போரில் பிரிட்டனிடம் தோற்ற சீனா கையெழுத்திட்ட நான்கிங் உடன்படிக்கைக்குப் பின் (1842) இறக்குமதித் தீர்வை சுமார் 5 சதவீதம். அதைச் சீனா தானாக ஏற்ற முடியாது. பின்னர் 1858 விலையை வைத்துச் சரக்குக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டதால், விலை ஏற ஏற அந்த 5-ம் தேய்ந்தது. அதே ஆண்டு இன்னொரு சலுகை: மேற்கொண்டு 2.5 சதவீதம் கட்டிச் சீட்டு வாங்கினால் அந்நியத் துணிக்கு உள்நாட்டுச் சாவடிகளில் 'லிகின்' வரி கிடையாது. உள்ளூர் நெசவாளியின் மூட்டைக்கோ சாவடிக்குச் சாவடி வசூல். சீன வியாபாரிகளே வெள்ளைக்காரன் பெயரில் சீட்டு வாங்கி ஓட்டியதில் என்ன வியப்பு? சுங்க இலாகாவின் தலைவரும் ராபர்ட் ஹார்ட் என்ற பிரிட்டிஷ்காரர்தான். 1901இல், அந்நியரை எதிர்த்த பாக்ஸர் கலகத்துக்குத் தண்டம் 45 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி, 39 ஆண்டுத் தவணை. அதற்கு ஈடு சுங்க வருமானமும் உப்பு வருமானமும்.

அரசு ஏற்ற முடியாத தீர்வையை மக்கள் கடைத்தெருவில் ஏற்றினார்கள். அதற்குப் பெயர்தான் புறக்கணிப்பு. 1919 என்றால் எல்லோரும் ஜப்பானை எதிர்த்துப் பெய்ஜிங்கில் நடந்த மே 4 மாணவர் ஊர்வலத்தையே சொல்வார்கள். காரியத்தை முடித்தது ஷாங்காய். ஜூன் 5 அன்று கடையடைப்பு, ஆலைகளில் வேலைநிறுத்தம். ஜூன் 10க்குள் ஜப்பான் சார்பு அதிகாரிகள் மூவருக்கும் சீட்டுக் கிழிந்தது. சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுத்த வெர்சாய் உடன்படிக்கையில் சீனா கையெழுத்துப் போடவில்லை. தீர்வை உரிமை திரும்பியது 1928-30இல்தான்.

பழங்கதை என்கிறீர்கள். அதில் நம்மூர்ப் பட்டாளமும் உண்டு. 1841 மே மாதம், கான்டன் (இன்றைய குவாங்சோ) அருகே சான்யுவான்லியில் ஊர்க்காரர்கள் ஈட்டியோடு வளைத்தது 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனியை. கொட்டிய மழையில் மருந்து நனைந்து, சக்கிமுக்கித் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. பிரிட்டிஷ் மரைன்கள் தேடிவந்து மீட்டார்கள். சான்யுவான்லியில் இன்று நினைவுச்சின்னம் நிற்கிறது, ஊர்க்காரர்களுக்கு.