காட்பாடியில் வீடு கட்டுகிறோம். முன்பக்கச் சுவரை மூடும்படி மரப்பலகை கிளாடிங் போடலாமா? தேக்கா, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசியா?

தாராளமாகப் போடலாம். ஆனால் பலகையைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். வேலூர் பக்கம் மரவேலை எடுத்துச் செய்கிறவன் நான். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். மேற்குச் சுவர் மதியம் தொடங்கி பொழுது சாயும் வரை காய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதே சுவர் நாள்கணக்கில் ஊறுகிறது. சுருங்குவதும் உப்புவதும் மாறி மாறி வந்துதான் பலகை நெளிந்து வெடிக்கிறது.

சுவர் வடக்கு பார்த்ததா, இல்லை போர்டிகோவுக்குள் அடங்கியதா? சந்தேகமே வேண்டாம், தேக்கு போடுங்கள். வைரம் பாய்ந்த பகுதியாகக் கேட்டு வாங்குங்கள். கரையானை எதிர்க்கும் எண்ணெய்ப் பசை அதில்தான் இருக்கிறது. ஓரத்து வெள்ளை மரத்துக்கு அந்தக் குணம் கிடையாது. வார்னிஷ் மட்டும் வேண்டாம். மேலே படலமாக நின்று வெயிலில் செதில் செதிலாக உரியும், அப்புறம் முழுக்கச் சுரண்ட வேண்டும். மரத்துக்குள் இறங்கும் எண்ணெய் பூசினால், நிறம் மங்கும்போது துடைத்துவிட்டு மறுபடி பூசினால் போதும். பூசாமல் விட்டால் சாம்பல் நிறமாகும், மரம் கெட்டதாக அர்த்தமில்லை.

சுமார் 200 டிகிரி சூட்டில் பதப்படுத்திய பைன் பலகையும் கிடைக்கிறது. அவ்வளவாக நெளியாது. ஆனால் கரையானுக்கு அது தடையே இல்லை, தரையோரம் வைக்காதீர்கள்.

அடுத்து டபிள்யூபிசி. ஹாலுக்குள் போடும், வரிவரியாகப் பள்ளம் உள்ள லூவர் பேனலையே வெளிச்சுவருக்கும் ஆகும் என்று தள்ளிவிடுவார்கள், ஏமாறாதீர்கள். வெளிப்புறத்துக்கென்றே மேலுறை போட்டு வருவதைத்தான் வாங்க வேண்டும். இது சூட்டில் நீளவாக்கில் விரியும். முனைகளை இடைவெளி இல்லாமல் முட்டவைத்து அடித்தால் சித்திரையில் வில்லாக வளைந்து நிற்கும். கருநிறம் இன்னும் மோசம்.

நேர் மேற்குச் சுவர் என்றால் என் தேர்வு மரவரி போட்ட ஃபைபர் சிமென்ட் பலகை. கரையான் அரிக்காது, நெளிவும் பெரிதாக இருக்காது. சில வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடித்தால் சரி. கையால் தொட்டால் மரம் இல்லை என்று தெரியும், தெருவிலிருந்து தெரியாது.

எதைப் போட்டாலும் சுவரின் சிமென்ட் பூச்சு மேல் நேராக ஒட்டாதீர்கள். 25 மில்லிமீட்டர் ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து அதன் மேல் பலகை ஏற்றுங்கள். பலகை படுக்கைவசம் என்றால் ரீப்பர் நெட்டுவசம், அப்போதுதான் பின்னால் காற்று மேலேறி ஈரம் காயும். மேலும் கீழும் திறப்பு விட்டு, குளவி புகாமல் வலை வையுங்கள். தேக்கில் இரும்பு ஆணி அடித்தால் முதல் மழையிலேயே கருப்புக் கோடு வடியும். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள். அறுத்த முனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும், ஆசாரி பலகையை ஏற்றும் முன்பே அதற்கு எண்ணெய் காட்டச் சொல்லுங்கள். அடிப்பலகை தரையிலிருந்து முக்கால் அடியாவது தள்ளி நிற்கட்டும். மழைத்தண்ணீர் தெறிக்காது, கரையான் மண்கோடு போட்டு ஏறினாலும் கண்ணில் படும்.