கூட்டத்தில் ஒருவரே பேசினால்

வணக்கம். பேக்கிங் பிரிவில் சைஸ் ஸ்டிக்கர் மாறிப்போவதைத் தடுக்க வழி கேட்டால் மேற்பார்வையாளர் மட்டுமே பேசுகிறார், மற்ற ஐவரும் தலையாட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மூத்தவர் முதலில் வாய் திறந்துவிட்டால், மறுத்துப் பேச யாருக்குத்தான் மனம் வரும்? ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் 1968-இல் வெளியிட்ட 6-3-5 முறையை முயன்று பாருங்கள்: ஆறு பேரும் ஆளுக்கு மூன்று யோசனைகளை ஐந்து நிமிடத்தில் தாளில் எழுதி அடுத்தவரிடம் தள்ள, அவர் அதைப் படித்துத் தம் மூன்றைச் சேர்க்க, ஆறு சுற்று முடியும்போது அரை மணி நேரத்தில் 108 குறிப்புகள் வரை சேரும். பலவும் தேறாது, ஆனால் "எம், எல் பெட்டிகளை ஒரே மேசையில் வைக்க வேண்டாம்" என்பது போன்ற வரி அதில்தான் கிடைக்கும். கேள்வியையும் பொதுவாக வைக்காமல், "எந்த மேசையில் ஸ்டிக்கர் மாறுகிறது?" என்று குறுக்கிக் கேளுங்கள்.